சிக்லிட் மீன்கள்: மாறும் பெயர்களும் மலைவீட்டுத் தொட்டிகளும்

வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிக்லிட் குடும்பத்தைப் பற்றியவை. ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ், கரிமீன், ஜிலேபி கெண்டை எல்லாம் இந்த ஒரே குடும்பம்தான். அறிவியல் பெயர் சூட்டப்பட்டவை மட்டும் 1,700 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. புத்தகத்துக்கு ஒரு பெயர், கடைக்கு ஒரு பெயர் என்று குழம்புகிறவர்களுக்கும், குளிரில் மீன் சாகிறதே என்று வருந்துகிறவர்களுக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம்.

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்: கறுப்பு வரி போட்ட கான்விக்ட் மீன் ஒரு ஜோடி வாங்கினேன். வீட்டிலிருக்கும் பழைய புத்தகம் அதைச் ‘சிக்லசோமா நைக்ரோஃபாஸியாட்டம்’ என்கிறது. கடைக்காரர் ‘ஆர்க்கோசென்ட்ரஸ்’ என்று எழுதித் தந்தார். மகன் தேடிப் பார்த்து ‘அமாடிட்லானியா’ என்கிறான். மூன்றும் வேறு வேறு மீன்களா?

ஒரே மீன்தான். உங்கள் மகன் சொல்வதுதான் இப்போதைய பெயர்.

அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பு; இரண்டாவது சொல் இனத்தைக் குறிக்கும். சிக்லசோமா என்ற பேரினத்தை ஆங்கிலேய இயற்கையியலாளர் ஸ்வைன்சன் 1839-இல் ஏற்படுத்தினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ரீகன் என்ற மீனியலாளர் அமெரிக்கச் சிக்லிட்களை ஒழுங்குபடுத்தியபோது, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா என்று பாராமல் ஏராளமான இனங்கள் இந்த ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன. துடுப்பு முட்களின் எண்ணிக்கை, உடல் வடிவம் போன்ற வெளித்தோற்ற ஒற்றுமைதான் அதற்கு அடிப்படை. 1983-இல் சுவீடன் நாட்டு மீனியலாளர் குல்லாண்டர் எலும்பு, செதில், துடுப்பு அமைப்புகளை மறுபடி ஒப்பிட்டு, சிக்லசோமா என்ற பெயருக்கு உண்மையான உரிமை தென் அமெரிக்காவின் 12 இனங்களுக்கு மட்டுமே உண்டு என்று வரையறுத்தார்.

அதில்தான் சிக்கல் தொடங்கியது. வெளியேற்றப்பட்ட மத்திய அமெரிக்க மீன்களுக்குப் போக்கிடம் இல்லை. வேறு வழியின்றிப் பல ஆண்டுகள் அவற்றை மேற்கோள் குறிக்குள் ‘சிக்லசோமா’ என்றே எழுதி வந்தார்கள். பழைய புத்தகங்களில் அந்த மேற்கோள் குறியைப் பார்த்திருந்தால் அதன் காரணம் இதுதான். உங்கள் மீன் பிறகு ஆர்க்கோசென்ட்ரஸுக்குப் போனது. 2001-இல் கிரிப்டோஹீரோஸ் என்ற பேரினம் வந்தபோது அதற்குள் வைத்தார்கள். 2007-இல் ஷ்மிட்டர்-சோட்டோ என்ற மீனியலாளர் அமாடிட்லானியாவை உருவாக்கி அங்கே கொண்டுபோனார். ஆக, முதன்முதலில் 1867-இல் மீனியலாளர் குந்தர் இட்ட ‘ஹீரோஸ்’ என்பதிலிருந்து எண்ணினால் இந்தச் சின்ன மீனுக்கு இது ஐந்தாவது பேரினம்.

பெயரின் பின்பாதி மாறவில்லை, கடைசி எழுத்துகள் மட்டும் மாறியிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். நைக்ரோஃபாஸியாட்டஸ், நைக்ரோஃபாஸியாட்டம், நைக்ரோஃபாஸியாட்டா மூன்றும் ஒன்றே. பேரினப் பெயர் இலத்தீனில் ஆண்பாலா, பெண்பாலா, அலிப்பாலா என்பதைப் பொறுத்து விகுதி மாறும். பழைய நூலில் தேடும்போது விகுதியை விட்டுவிட்டுத் தேடினால் சரியாகக் கிடைக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. ‘அமாடிட்லானியா நைக்ரோஃபாஸியாட்டா (குந்தர், 1867)’ என்று பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலிருந்து மீன் இடம் மாறிவிட்டது என்று பொருள். ‘சிம்ஃபைசோடான் டிஸ்கஸ் ஹெக்கல், 1840’ என்று அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால், முதலில் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் எந்தப் பட்டியலையும் பார்த்த மாத்திரத்தில் பாதி வரலாற்றைப் படித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2007-இல் ஷ்மிட்டர்-சோட்டோ கான்விக்ட்டையே பல இனங்களாகப் பிரித்தார். அமாடிட்லானியா சிக்குயா அவற்றில் ஒன்று. அந்தப் பிரிவினை முழுவதையும் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடையில் கிடைப்பவை பல தலைமுறை பண்ணையில் கலந்து வளர்ந்தவை, அவற்றை எந்த ஆற்றின் வகை என்று உறுதியாகச் சொல்லவே முடியாது. ‘கான்விக்ட், பண்ணை வளர்ப்பு’ என்று எழுதி வைப்பதே நேர்மை.

வளர்ப்பு முறையில் எதையும் மாற்ற வேண்டாம். ஜோடிக்கு 60 செ.மீ. தொட்டி, படுக்கவைத்த மண்பூந்தொட்டி ஒன்று, 25–26 டிகிரி சூடு போதும். முட்டையிட்டதும் கூட இருக்கும் மீன்களை அடித்துக் கொல்லும், ஆகவே ஜோடியைத் தனியே வையுங்கள்.

கூடலூரிலிருந்து ஒரு வாசகி: கேரளத்து உறவினர் கொடுத்த பல்லத்தி மீன்களை வளர்க்கிறேன். இதுவும் கரிமீனும் ஒரே இனமென்று சொல்கிறார்கள். சரியா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. இந்தியாவில் இயல்பாக வாழும் சிக்லிட்கள் மூன்றுதான்: கரிமீன் (எட்ரோப்ளஸ் சுரடென்சிஸ்), கன்னட நாட்டுக் கடலோர ஆறுகளில் வாழும் எட்ரோப்ளஸ் கனரென்சிஸ், உங்களிடம் இருக்கும் பல்லத்தி. பல்லத்தியும் முன்பு எட்ரோப்ளஸ் மாகுலாட்டஸ்தான். 2008-இல் ஸ்பார்க்ஸ் என்ற மீனியலாளர், பழைய ‘சூடெட்ரோப்ளஸ்’ என்ற பேரினத்துக்கு உயிர் கொடுத்து அதில் சேர்த்தார். ஆகவே இன்று சூடெட்ரோப்ளஸ் மாகுலாட்டஸ்.

கரிமீனுக்கும் பல்லத்திக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லினில் இருந்த மீனியலாளர் ப்ளாக், 1790-களில். தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் இங்கிருந்து அவருக்கு ஏராளமான மீன்களை அனுப்பி வைத்தவர். சிக்லிட் ஆய்வின் தொடக்கத்தில் தமிழகக் கடற்கரைக்கும் இப்படி ஒரு பங்கு உண்டு. ப்ளாக் இரண்டையும் ‘கீட்டோடான்’ என்ற பேரினத்தில் வைத்தார், அது பவளப்பாறை வண்ணத்துப்பூச்சி மீன்களின் பேரினம். தட்டையான உடலைப் பார்த்து அப்படி நினைத்திருக்க வேண்டும்.

இன்றைய வகைப்பாட்டில் சிக்லிட் குடும்பம் நான்கு துணைக்குடும்பங்களாகப் பிரிகிறது. அமெரிக்காவுக்கு ஒன்று, ஆப்பிரிக்காவுக்கும் மேற்காசியாவுக்கும் ஒன்று, மடகாஸ்கருக்கு மட்டும் ஒன்று. நான்காவதான எட்ரோப்ளினேயில் இந்திய, இலங்கை மீன்களோடு மடகாஸ்கரின் பரெட்ரோப்ளஸும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பல்லத்திக்கு ஆப்பிரிக்க மீன்களைவிட மடகாஸ்கர் மீன் நெருங்கிய சொந்தம். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்தபோதே இந்தக் குடும்பம் பரவியதா, பிறகு கடல் தாண்டிப் போனதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நிலங்கள் பிரிந்து ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கிடைத்திருக்கும் மிகப் பழைய சிக்லிட் புதைபடிவங்களில் சில தான்சானியாவில் எடுத்தவை, அவற்றின் வயதோ சுமார் 4.6 கோடி ஆண்டுகள்தான்.

பல்லத்திக்கு உப்புநீர் கட்டாயமில்லை. ஆனால் மலைநீர் மிக மென்மையானது, அதில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். 100 லிட்டருக்கு 100–200 கிராம் அயோடின் கலக்காத கல்லுப்பு போட்டால் நன்றாக இருக்கும்.

கொடைக்கானலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சிக்லிட் ‘பெர்சிஃபார்மிஸ்’ வரிசையைச் சேர்ந்தது என்று எழுதினேன், தவறு என்று அடித்துவிட்டார்கள். பாடநூலில் அப்படித்தானே இருக்கிறது?

பாடநூல் பழையதாக இருக்கும். வரிசை என்பது குடும்பத்துக்கு மேலுள்ள பெரும்பிரிவு. இப்போது பெரும்பாலோர் ஏற்கும் வரிசை சிக்லிஃபார்மிஸ். 2016-இல் வெளிவந்த, நெல்சன் தொடங்கிய ‘உலக மீன்கள்’ நூலின் ஐந்தாம் பதிப்பும் இதையே சொல்கிறது.

காரணம் சுவையானது. சிக்லிட்டுக்கு வாயில் இருக்கும் தாடை தவிர, தொண்டைக்குள் இன்னொரு தாடை உண்டு. கீழ்த்தொண்டை எலும்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து, பல் முளைத்து, அரைவைக் கல்லாக வேலை செய்யும். முன்வாய் இரையைப் பிடிக்கும், உள்வாய் அரைக்கும். வேலை பிரிந்துவிட்டதால் முன்வாய் விதவிதமாக மாறிக்கொள்ள முடிந்தது. பாசி சுரண்டுவது, நத்தை உடைப்பது, மற்ற மீனின் செதிலைப் பிடுங்குவது என்று ஆப்பிரிக்க ஏரிகளில் இந்தக் குடும்பம் கிளைவிட இது ஒரு பெரிய காரணம். இதே அமைப்பு கடலில் வாழும் ராஸ் மீன்களுக்கும் டாம்செல் மீன்களுக்கும் இருக்கிறது. ஆகவே 1982-இல் காஃப்மன், லீம் என்ற ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் லாப்ராய்டை என்ற ஒரே துணைவரிசையாகத் தொகுத்தார்கள். 1758-இல் லின்னேயஸே நைல் திலாப்பியாவை ‘லாப்ரஸ்’ என்று ராஸ் மீன்களோடு வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டிஎன்ஏ ஒப்பீடு வந்தபின் அந்தத் தொகுப்பு உடைந்தது. தொண்டைத் தாடை ஒரே மூதாதையிடமிருந்து வரவில்லை, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. 2012-இல் வெயின்ரைட் குழுவினர் சிக்லிட்களை ‘ஓவலென்டேரியா’ என்ற பெருந்தொகுப்பில் வைத்தார்கள். ஒட்டும் இழையுள்ள முட்டைகள் அதன் பொது அடையாளம். கப்பியும் மாலியும்கூட அதில்தான் வருகின்றன. உங்கள் விடையில் வரிசையை மட்டும் திருத்தினால் போதும், குடும்பம் சிக்லிடே என்பதில் மாற்றமில்லை.

ஃப்ளவர்ஹார்னின் அறிவியல் பெயர் என்ன? – உதகை வாசகர்

கிடையாது. அது 1990-களில் மலேசியாவில் பல மத்திய அமெரிக்க இனங்களைக் கலந்து உண்டாக்கியது. மனிதர் செய்த கலப்பினத்துக்கு இனப்பெயர் வைப்பதில்லை.

உதகையிலிருந்து இன்னொரு வாசகர்: 100 லிட்டர் தொட்டியில் ஏஞ்சலும் ராம் சிக்லிட்டும் வைத்திருக்கிறேன். 100 வாட் ஹீட்டர் நாள் முழுக்க எரிந்தும் குளிர்காலத்தில் சூடு ஏறவில்லை. மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன.

லிட்டருக்கு ஒரு வாட் என்பது சமவெளிக் கணக்கு. 100 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 116 வாட்-மணி வேண்டும். அதே அளவுள்ள, மூடியுடன் கூடிய கண்ணாடித் தொட்டி, அறைக்கும் நீருக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 8 வாட் இழக்கும். அறை 12 டிகிரி, நீர் 26 டிகிரி என்றால் வேறுபாடு 14. இழப்பு 112 வாட். 100 வாட் ஹீட்டர் 24-ஐ ஒட்டி நின்றுவிடும், மேலே ஏறாது. பழுது ஹீட்டரில் இல்லை.

முதலில் இழப்பைக் குறையுங்கள். 25 மி.மீ. தெர்மாகோல் பலகையைத் தொட்டியின் அடியிலும் பின்புறமும் இரு பக்கங்களிலும் வையுங்கள். அடியில் வைப்பதைத் தொட்டி காலியாக இருக்கும்போதே செய்ய வேண்டும். மேலே கண்ணாடி மூடி கட்டாயம், ஏனென்றால் ஆவியாதலில் போகும் சூடுதான் அதிகம். இதில் மட்டும் மூன்றில் ஒரு பங்காவது மிச்சமாகும். பிறகு 100 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள், ஒன்றை ஃபில்டர் நீர் வெளிவரும் முனையருகே, மற்றொன்றை எதிர்மூலையில். 200 வாட்டில் ஒன்றே வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தெர்மோஸ்டாட் ‘ஆன்’ நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் 200 வாட் ஹீட்டர் நீரை 35-க்கு மேல் கொண்டுபோய் மீன்களை வேகவைத்துவிடும். 100 வாட் ஒட்டிக்கொண்டால் அந்த ஆபத்து இல்லை. ஒன்று செத்துப்போனாலும் மற்றொன்று காப்பாற்றும். மின்வெட்டில் காப்பில்லாத தொட்டி மணிக்கு முக்கால் டிகிரிக்கு மேல் ஆறும். நான்கு மணி நேரம் தாங்கும், இரவு முழுக்கத் தாங்காது. அப்போது கம்பளியால் சுற்றுங்கள், வெந்நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

மூச்சு வாங்குவதற்குக் காரணம் வேறு. கடல் மட்டத்தில் 26 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 8 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும். உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதே சூட்டில் 6 மி.கி. சற்று மேல்தான் கரையும். குளிர்ந்த மலைநீரில் ஆக்சிஜன் மிகுதி என்பது உண்மை, ஆனால் அதை நீங்கள் சூடாக்கிவிட்டீர்கள். ஏர் பம்ப்பை இரவில் நிறுத்தாதீர்கள். ஃபில்டர் முனை நீர்ப்பரப்பைக் கலக்கும்படி வையுங்கள். சமவெளியில் நான்கு மீன் வைக்கும் இடத்தில் மூன்று வையுங்கள்.

ராம் மீனின் பெயரையும் கேட்டிருந்தீர்கள். 1948-இல் அபிஸ்டோகிரம்மா ராமிரேசி என்றார்கள், பிறகு பாப்பிலியோகுரோமிஸ் என்றார்கள். 1968-இல் வெளியான மைக்ரோஜியோஃபாகஸ் என்ற பேரினமே முந்தியது என்பதால் அதுவே நிலைத்தது. இந்த மீனுக்கு 27–30 டிகிரி வேண்டும், ஏஞ்சலுக்கு 26 போதும். குளிர்காலம் முழுக்க மின்கட்டணம் கட்டத் தயாராக இல்லையென்றால் ராமை விட்டுவிட்டு நீல அகாராவை எடுங்கள், 22–24 டிகிரியிலேயே திடமாக இருக்கும். அதுவும் பெயர் மாறியதுதான். முன்பு ஏக்விடென்ஸ் புல்கர், 2009 முதல் ஆண்டினோஅகாரா புல்கர்.

குன்னூரிலிருந்து: ஹீட்டரே இல்லாமல் வளர்க்க ஏதாவது சிக்லிட் உண்டா?

உண்டு, ஆனால் தயக்கத்தோடுதான் சொல்கிறோம். உருகுவே, தெற்கு பிரேசில் பகுதியின் ஆஸ்ட்ரலோஹீரோஸ் ஃபாஸெட்டஸ் குளிர்காலத்தைப் பழகியது, 15 டிகிரிக்குக் கீழும் தாங்கும். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்த மீன்களில் இதுவும் ஒன்று. 1842-இல் ஜெனின்ஸ் குரோமிஸ் ஃபாஸெட்டஸ் என்று பெயரிட்டார், நெடுங்காலம் சிக்லசோமாவாக இருந்தது, 2006-இல் தெற்கத்திய இனங்களுக்கென்றே ஆஸ்ட்ரலோஹீரோஸ் உருவானது. இங்கே பெயர் மாற்றம் வளர்ப்பவருக்கு நேரடியாக உதவுகிறது. ‘சிக்லசோமா’ என்ற பழைய பெயரை நம்பி 28 டிகிரியில் ஆண்டு முழுக்க வைத்தால் அதற்குரிய குளிர் ஓய்வு கிடைக்காமல் போகும். புதிய பெயர் அது எந்த நாட்டுக் கூட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

தயக்கம் ஏனென்றால், குளிரைத் தாங்கும் மீன் தப்பினால் இங்கே பிழைத்துக்கொள்ளும். போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் இது ஆறுகளில் பரவிவிட்டது. ஓடையோ ஏரியோ பக்கத்தில் இருக்கும் வீட்டில், வெளித்தொட்டியில் வேண்டவே வேண்டாம். கழுவும் நீரையும் ஓடையில் விடாமல் செடிக்கு ஊற்றுங்கள்.

தாண்டிக்குடியிலிருந்து ஒரு விவசாயி: காப்பித் தோட்டத்துக் குட்டையில் ஜிலேபி கெண்டை விட்டோம். ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது, எதுவும் கையளவுகூட வளரவில்லை. திலாப்பியா வகைகளில் வேறு நல்லது உண்டா?

உங்கள் குட்டையில் இருப்பது ஓரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ் ஆக இருக்கலாம். 1952-இல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்து தமிழகம் முழுக்கப் பரவியது அதுதான். முன்பு திலாப்பியா மொசாம்பிகா, பிறகு சாரோதெரோடான், இப்போது ஓரியோகுரோமிஸ். இதைப் பிரித்தவர் லண்டனின் எதெல் ட்ரெவாவஸ், 1983-இல் வெளியிட்ட பெருநூலில். அவர் எடுத்துக்கொண்ட முக்கிய அளவுகோல் முட்டை காக்கும் முறை. தரையில் முட்டையிட்டுக் காப்பவை திலாப்பியா. தாய் மட்டும் வாயில் அடைகாப்பவை ஓரியோகுரோமிஸ். தந்தையோ இருவருமோ வாயில் காப்பவை சாரோதெரோடான்.

உங்கள் சிக்கலுக்கு விடையும் அதிலேயே இருக்கிறது. தாய் வாயில் வைத்துக் காப்பதால் குஞ்சுகளில் பெரும்பகுதி பிழைக்கும். அடைகாக்கும் நாட்களில் அவள் சாப்பிடுவதில்லை, ஆகவே அவளும் வளர்வதில்லை. விரலளவிலேயே இனப்பெருக்கத்துக்கு வந்துவிடும். மலையில் இன்னொரு தடை உண்டு: நீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் தீனி குறைந்துவிடும். குட்டையை வற்றவைத்து, சேற்றுக் குழிகளில் நீர் தேங்காமல் ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, மிச்சமில்லை என்று உறுதி செய்தபின்தான் வேறு மீன் விட வேண்டும். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தைக் கேட்காமல் எந்தத் திலாப்பியா வகையையும் மறுபடி விடாதீர்கள். உங்கள் உயரத்துக்கும் குளிருக்கும் சாதாக் கெண்டையே ஏற்றது.

கோத்தகிரியிலிருந்து: மலாவி ஏரி மீன்கள் ஆறு மாதம் நன்றாக இருந்தன. ஒருநாள் மூச்சுத் திணறின. பிஎச் (நீரின் அமில-கார அளவு) பார்த்தால் 6.2. நண்பர் சொன்னபடி நான்கு கரண்டி ஆப்பச்சோடா போட்டேன். காலையில் எல்லாம் செத்துக் கிடந்தன. என்ன நடந்தது?

இரண்டு கேடுகள் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. பிஎச் சரியாமல் தாங்குவது நீரில் கரைந்துள்ள கார்பனேட்; அதன் அளவே கார்பனேட் கடினத்தன்மை. மலைநீரில் அது ஒன்று, இரண்டு டிகிரிதான் இருக்கும் (இந்த டிகிரி சூட்டின் அளவு அல்ல, கடினத்தன்மையின் அளவு). ஃபில்டரில் உள்ள பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அந்தக் கார்பனேட்டைத் தின்றுகொண்டே இருக்கும். அது தீர்ந்த நாளில் பிஎச் சரியும். பிஎச் அவ்வளவு இறங்கியதும் பாக்டீரியாவின் வேலை மந்தமாகும், அம்மோனியா சேரும். ஆனால் 6.5-க்குக் கீழே 26 டிகிரி நீரில் அதில் 0.2 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும், மீன் தாக்குப்பிடிக்கும். சோடா போட்டு ஒரே மூச்சில் 8.5-க்குக் கொண்டுபோனால் நச்சுப் பங்கு 16 சதவீதமாகிவிடும். கொன்றது அதுதான்.

சரியான வழி இது. முதலில் அம்மோனியா சோதனை. இருந்தால், பழைய தொட்டி நீரின் பிஎச் அளவிலேயே உள்ள நீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள், தீனியை நிறுத்துங்கள், மறுநாளும் அப்படியே. அம்மோனியா போனபின் சோடா. 100 லிட்டரில் கார்பனேட் கடினத்தன்மையை ஒரு டிகிரி உயர்த்த 3 கிராம் வேண்டும். நாளுக்கு 6 கிராமுக்கு மேல் வேண்டாம், தனிக் குவளையில் கரைத்து ஊற்றுங்கள். 8–10 டிகிரி வந்ததும் நிறுத்துங்கள். பொதுக் கடினத்தன்மைக்கு (நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அளவு) எப்சம் உப்பு, 100 லிட்டருக்கு ஒரு டிகிரிக்கு 4.4 கிராம். ஃபில்டரில் ஒரு கிலோ பவளச் சில்லு அல்லது கிளிஞ்சல் போட்டால் சரிவுக்குத் தடையாக இருக்கும், ஆனால் அது மெல்லக் கரைவது, சோடாவுக்கு மாற்றல்ல. வாரந்தோறும் நீர் மாற்றும்போது புதிய நீருக்கு மட்டும் அளந்து கலந்து ஊற்றுங்கள். சோதனையில் 5 டிகிரிக்குக் கீழே காட்டினால் அந்த வாரமே சரிசெய்யுங்கள்.

புது மீன் வாங்கும்போது ‘மேலாண்டியா’, ‘மெட்ரியாக்லைமா’ இரண்டில் எது சரி என்றும் கேட்டீர்கள். பழைய சூடோட்ரோஃபியஸ் ஜீப்ராவுக்கு 1984-இல் ஓர் ஆய்வாளர் குழுவும் 1997-இல் இன்னொரு குழுவும் வைத்த பேரினப் பெயர்கள் அவை. முன்னது செல்லுபடியாகுமா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது, நூல்களிலும் இரண்டும் புழங்குகின்றன. எந்தப் பெயரில் வந்தாலும் பாறையைச் சுற்றி வாழ்ந்து பாசி சுரண்டும் மீன் அது, கடின நீரும் தாவர உணவும் வேண்டும்.

பண்ணைக்காட்டிலிருந்து: தொட்டிக்கு மேல் பெயர்ப் பலகை வைக்க ஆசை. இப்போதைய பெயர் எதுவென்று எங்கே பார்ப்பது?

கலிஃபோர்னிய அறிவியல் கழகம் பராமரிக்கும் எஷ்மேயர் மீன் பட்டியலைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். நீங்கள் அறிந்த பழைய பெயரின் பின்பாதியைக் கொடுத்துத் தேடினால், யார் எந்த ஆண்டு எந்தப் பேரினத்தில் வைத்தார்கள், இன்று ஏற்கப்படும் பெயர் எது என்று வரிசையாக வரும். பலகையில் இன்றைய பெயர், கீழே சிறிய எழுத்தில் பழைய பெயர், வாங்கிய ஊர், மாதம் எழுதுங்கள். கலப்பா என்று தெரியாவிட்டால் ‘பண்ணை வளர்ப்பு’ என்று சேர்த்துவிடுங்கள். குஞ்சுகளை மற்றவருக்குக் கொடுக்கும்போது அந்தக் குறிப்பையும் படியெடுத்துக் கொடுங்கள்.